வேலூர் மண், வேலூர்ச் சாம்பல்: எங்கள் பீங்கான் பட்டறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறைக்கு வருகிறவர்கள், கண்காட்சியில் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். மண், சாம்பல், கல் பற்றிக் கேட்டால் மட்டும் நீளமாகத்தான் சொல்ல வரும். என் வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது.

நீங்கள் குயவர் குடும்பமா?

இல்லை. என் அப்பா இராணிப்பேட்டையில் ஒரு பீங்கான் ஆலையின் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தார். பீங்கான் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஆலைதான் நினைவுக்கு வரும். பாரி நிறுவனம் 1906-இல் இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் உர ஆலையை இராணிப்பேட்டையில்தான் தொடங்கியது. பின்னாளில் பாரிவேர் என்ற பெயரில் கழிவறைப் பீங்கானும் அந்த ஊரிலிருந்து வந்தது. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும் ஊறுகாய் ஜாடி இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

அப்பா ஒரு நாள் உடைந்த சாந்து அச்சு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மண் குழம்பை அதில் ஊற்றிக் காட்டினார். அச்சு செய்த பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் சுவரையொட்டி மண் கெட்டியாகிக்கொண்டே வரும். போதுமான கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே ஒரு பாத்திரம் நிற்கும். யாரும் கை வைக்காமலே தண்ணீர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதால் ஒரு பொருள் உருவாகிறது என்பது எனக்கு அன்று பெரிய ஆச்சரியம். அந்த ஆச்சரியம் இன்னும் போகவில்லை.

எங்கே படித்தீர்கள்?

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில், பீங்கான் பிரிவில். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் பிறகு புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் பழகுநராக இருந்தேன். புதுச்சேரிக்கும் பீங்கானுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்று இந்தியாவில் ஸ்டோன்வேர், அதாவது உயர்ந்த சூட்டில் சுட்ட கெட்டியான பீங்கான், செய்கிறவர்களில் பலர் நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த இடத்தின் வழி வந்தவர்கள். சூளையில் தீயை நிதானமாக ஏற்றுவதும், பாத்திரத்தின் மேல் பூசும் கண்ணாடி மெருகான கிளேஸைக் கணக்குப் போட்டுச் சேர்ப்பதும் எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை.

மண்ணைப் படித்தது மட்டும் ஊருக்குத் திரும்பிய பிறகு.

சென்னையிலோ ஆரோவில்லிலோ இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்குமே?

வாங்குகிறவர்கள் அங்கே அதிகம், உண்மைதான். ஆனால் நான் செய்ய நினைத்த வேலைக்கு இந்த ஊரின் கல்லும் ஏரியும் வேண்டும். வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலை. அந்தப் பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழையிலும் வெயிலிலும் பல லட்சம் ஆண்டுகள் கிடந்து நைந்து களிமண்ணாகிறது. மழைநீர் அதை அடித்து வந்து ஏரியில் படிய வைக்கிறது. அதை எடுத்து 1,000 டிகிரிக்கு மேல் சுட்டால் மறுபடி கல்லாகிறது. மலை, ஏரி, சூளை மூன்றையும் காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் வைத்திருக்கும் ஊர் இது. இதைவிட்டு வேறு எங்கே போய் உட்காருவது?

மண் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

இரண்டு வகை மண் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கான ஸ்டோன்வேர் மண் கலவை. அதில் வெள்ளைக் களி, ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் வெளியிலிருந்து மூட்டையாக வருகிறது. சிற்பங்களுக்கும் பெரிய ஜாடிகளுக்கும் உள்ளூர் ஏரி மண்ணைச் சேர்க்கிறேன்.

ஏரி மண்ணை அப்படியே பயன்படுத்த முடியாது. இரும்புச் சத்து அதிகம். அதனால்தான் சுட்டதும் செங்கல் நிறம் வருகிறது. அந்த இரும்பும் மற்ற உப்புகளும் சேர்ந்து 1,100 டிகிரியைத் தாண்டியதும் மண்ணை இளக்கிவிடும். பாத்திரம் கொப்புளம் போடும், சாயும், சில சமயம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே உயர்ந்த சூட்டுக்கு வெள்ளைக் களியும் பாலாற்று மணலின் பருமனில் உள்ள குவார்ட்ஸும் கலந்து மண்ணின் உடம்பைத் தேற்ற வேண்டும்.

இந்தப் பக்கத்து மண்ணில் இன்னொரு தொல்லை சுக்கான் கல். ஏரிக் களியில் கடுகு, மிளகு அளவில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சூளையில் அவை சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பாத்திரம் வெளியே வரும்போது அழகாகத்தான் இருக்கும். பிறகு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து அந்தக் கட்டி உப்பும். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, அலமாரியில் சும்மா இருக்கும் பாத்திரத்தின் பக்கவாட்டில் சட்டென்று ஒரு சில்லு தெறிக்கும். தெறித்த குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருக்கும். அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தால் காரணம் வேறு எதுவும் தேட வேண்டாம், சுக்கான்தான்.

இதற்குச் செய்யும் பரிசோதனை எளிது. காய்ந்த மண் கட்டி ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விடுவேன். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரை மண் முழுக்கப் பரவலாக மெல்ல வந்தால் சுண்ணாம்பு தூளாகக் கலந்திருக்கிறது என்று பொருள், அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஓரிடத்தில் மட்டும் பொங்கினால் அங்கே கட்டி இருக்கிறது. அந்த மண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டி, தெளிய விட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் எடுப்பேன்.

இந்த வேலையில் எனக்கு ஆசான் குடியாத்தம் பக்கத்துக் குயவர் ஒருவர். நான் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். வினிகர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்ளோ சிரமம்? வாயில போட்டுப் பாரு. நறநறன்னா மணலு. வழவழன்னு பல்லுல அப்புனா களி. சுருக்குனு நாக்கைப் பிடிச்சா உப்பு மண்ணு, தொடாத" என்றார். அவர் சொன்னபடி சுத்தமான இடத்து மண்ணை நாக்கில் வைத்துப் பழகியிருக்கிறேன். ஆலைக் கழிவு கலந்த பக்கத்து மண்ணை யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

ஏரியில் யார் வேண்டுமானாலும் மண் எடுக்கலாமா?

கூடாது. அனுமதி வேண்டும். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. தொழிலே மண்ணாக இருக்கிறவர்களுக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதால், நான் அவர்கள் எடுத்துவரும் மண்ணிலிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

வேலூர் வெயிலில் எப்படி வேலை செய்கிறீர்கள்?

விடிவதற்கு முன் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் சக்கர வேலையை முடித்துவிடுவேன். கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் சக்கரத்தில் இருக்கும்போதே விளிம்பு காய ஆரம்பித்துவிடும். விளிம்பு சீக்கிரம் காய்ந்து அடிப்பாகம் ஈரமாக இருந்தால், சுருங்குவதில் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் அடியில் விரிசல் விழும். எங்கள் கலவை ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சுருங்கும். இவ்வளவு சுருங்குவது எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஆகவே நனைத்துப் பிழிந்த கோணியைச் சுற்றித் தொங்கவிட்டு, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, பாதிப் பதம் வந்ததும் அடியைச் சீவி, மறுபடி மூடி வைக்கிறேன். பிற்பகல் முழுக்க நிழலில் செய்யும் வேலைகள்: சாம்பல் கழுவுவது, கிளேஸ் நிறுப்பது, கைப்பிடி ஒட்டுவது.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். எதுவும் காயாது. காய்ந்தது போலத் தெரியும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அப்படியே சூளையில் ஏற்றினால் 100 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பாத்திரத்தை உடைத்துக்கொண்டு கிளம்பும். பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களும் சேர்ந்து போகும்.

சூளை எப்படிப்பட்டது? எவ்வளவு சூடு?

கேஸ் சூளை ஒன்று, சிறிய மின்சாரச் சூளை ஒன்று. எல்லாப் பாத்திரங்களும் இரண்டு முறை சுடப்படும். முதல் முறை ஏறத்தாழ 950 முதல் 1,000 டிகிரி. அதில் மண் இனி தண்ணீரில் கரையாத நிலைக்கு வந்துவிடும், ஆனால் கிளேஸை உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்குத் துளைகள் இருக்கும். இரண்டாம் முறை 1,250 முதல் 1,280 வரை.

நடுவில் நான் மிகவும் பார்த்து நடக்கிற இடம் 573 டிகிரி. அங்கே குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றி, சட்டென்று பருக்கும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏற்றும்போதும் சரி, ஆறும்போதும் சரி, அந்த எல்லையை மெதுவாகக் கடக்க வேண்டும். சூளை ஆறுவதற்குள் கதவைத் திறந்து பார்க்கும் ஆசைதான் பாத்திரங்களுக்கு முதல் எதிரி. கையால் தொடக்கூடிய அளவு ஆறும்வரை பட்டறையில் யாரும் அந்தக் கதவைத் தொடக்கூடாது என்பது விதி.

கிளேஸில் என்ன சேர்க்கிறீர்கள்? கடையில் வாங்குவதா?

கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. கண்ணாடியாக ஒரு பொருள் வேண்டும், அது மணலிலும் குவார்ட்ஸிலும் உள்ள சிலிக்கா. சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி தேவை. அதைக் குறைந்த சூட்டில் உருகவைக்க ஒரு இளக்கி வேண்டும். உருகியது வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த, களியிலும் ஃபெல்ஸ்பாரிலும் உள்ள அலுமினா வேண்டும். இந்த மூன்றும் இந்த ஊரில் சும்மா கிடக்கின்றன. இதைக் கண்டுகொண்டதுதான் என் வேலையின் திருப்பம் என்று சொல்வேன்.

முதலாவது கல் மாவு. வேலூரைச் சுற்றிக் கல் உடைக்கும் கிரஷர்கள் நிறைய. ஜல்லி உடைக்கும்போது பறந்து படிகிற தூள் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் கல்லில் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், கொஞ்சம் இரும்புள்ள கருப்புக் கனிமங்கள் எல்லாம் இருப்பதால், நன்றாகச் சலித்து 1,280-க்குக் கொண்டுபோனால் அந்தத் தூள் பெருமளவு தானாகவே இளகும்.

இரண்டாவது விறகுச் சாம்பல். மரம் தன் வாழ்நாளில் வேர் வழியாக உறிஞ்சிய சுண்ணாம்பும் பொட்டாசியமும் எரிந்த பிறகு சாம்பலில் தங்கிவிடும். அதுதான் இளக்கி. புளியமரச் சாம்பல், வேப்பஞ்சாம்பல், சீமைக் கருவேலச் சாம்பல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடக்கும். ஆம்பூரில் விறகடுப்பில் பிரியாணி போடும் கடை ஒன்றிலிருந்தும் சாம்பல் வருகிறது. அவர்கள் ஒரே வகை விறகு வாங்குவதால் எனக்கு நம்பிக்கையான சரக்கு.

மூன்றாவது உமிச் சாம்பல். ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சேர்த்தால் கிளேஸ் தெளிவாக இல்லாமல் பால் கலந்தாற்போல் வெளுக்கும். கனமாகப் பூசிய இடத்தில் வெண்மைக்குள் மெல்லிய நீலம் ஓடும்.

விறகுச் சாம்பலைத் தயார் செய்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் கேட்பதால். முதலில் கரித்துண்டு, ஆணி, கல் எல்லாம் போகச் சலிக்க வேண்டும். பிறகு பெரிய வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் மிதக்கும் கரி மேலே வரும். அதை வாரிவிட வேண்டும். அடியில் படிந்ததன் மேல் நிற்கும் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். விரலால் தொட்டால் சோப்பு போல வழுக்கும். அது காரம். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரியும். அந்தத் தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீர் விட்டு, வழுக்கல் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். சிலர் கழுவாமலே பயன்படுத்துவார்கள். கிளேஸ் இன்னும் துடிப்பாக ஓடும், ஆனால் வாளியில் வைத்தால் நாளாக ஆகக் கட்டிபோடும். நான் கழுவியே பயன்படுத்துகிறேன். காய வைத்த சாம்பல், கல் மாவு, களி மூன்றையும் சம பங்கு எடுத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து கூட்டிக் குறைத்துப் போகலாம்.

இந்தக் கலவையில் நிறம் எதுவும் தனியாகச் சேர்ப்பதில்லை. கல்லில் உள்ள இரும்பே நிறம் தரும். சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால் தேன் பழுப்பு; காற்றைக் குறைத்துப் புகையவிட்டுச் சுட்டால் பாசி படிந்த குளத்துப் பச்சை.

இயற்கையிலிருந்துதான் வடிவங்கள் வருகின்றன என்கிறீர்கள். எப்படி?

ஒரு பூவைப் பார்த்து ஒரு பூவைச் செய்வதில் எனக்கு ஈடுபாடு இல்லை. அந்தப் பூவோ காயோ எப்படி அந்த உருவத்துக்கு வந்தது என்பதைத்தான் பார்க்கிறேன்.

நுணாக் காயை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சணத்தி என்றும் சொல்வார்கள்; எங்கள் பக்கத்து வரப்புகளில் தானாக முளைத்துக் கிடக்கும். காயின் மேல் ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு வட்டத் தழும்பு. அந்தத் தழும்பு ஒவ்வொன்றும் ஒரு பூ உதிர்ந்த இடம். பல பூக்களின் அடிப்பாகங்கள் ஒன்றோடொன்று நெருக்கி வளர்ந்து ஒரே காயாகிவிட்டன. அந்த நெருக்கலில்தான் வட்டங்கள் பலகோணங்களாயின. இதைப் புரிந்துகொண்ட பிறகு, கட்டங்களைக் கத்தியால் கீறுவதை விட்டேன். சிறிய ஈர உருண்டைகளை ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில் நெருக்கி அடுக்கி உள்ளிருந்து அழுத்தினால், அவை ஒன்றையொன்று தள்ளித் தாமாகவே கட்டங்களாகின்றன. ஒரு கட்டம் போல இன்னொன்று இருக்காது. என் நுணா வரிசை ஜாடிகள் எல்லாம் அப்படிச் செய்தவைதான்.

குளவி இன்னொரு ஆசிரியர். ஜன்னல் மூலையில் ஒருவகைக் குளவி கட்டும் கூட்டைப் பார்த்திருப்பீர்கள்: குட்டிச் சொம்பு, குறுகிய கழுத்து, வெளியே விரிந்த வாய். ஈரமண் உருண்டையை வாயில் கவ்வி வந்து, வளையம் வளையமாக வைத்து, முன்னங்காலால் தட்டி மெலிதாக்கும். ஒரு வளையம் கொஞ்சம் இறுகிய பிறகே அடுத்தது. உள்ளே முட்டையிட்டு, பிறக்கப்போகும் குஞ்சுக்கு உணவாகப் புழுக்களை அடைத்து, வாயை மூடிவிட்டுப் போய்விடும். கையால் வளையம் அடுக்கிப் பெரிய ஜாடி கட்டும்போது, அடுத்த வளையத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களிடம் முதலில் அந்தக் கூட்டைத்தான் காட்டுகிறேன்.

பிறகு பாறைகள். ஜவ்வாது மலைப் பாதையிலும் வள்ளிமலையிலும் உருண்டைப் பாறைகளின் மேல்தோல் ஏடு ஏடாகக் கழன்று நிற்பதைக் காணலாம். பகலில் சூடேறி இரவில் ஆறி, உள்ளே ஈரம் புகுந்து, அடுக்கடுக்காகப் பெயர்ந்து வருகிறது. வெவ்வேறு அளவு சுருங்கும் இரண்டு மண்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிக் காயவிட்டால், மேல் அடுக்கு அதே மாதிரி ஏடு விடும். எவ்வளவு கனம், எவ்வளவு ஈரம் என்பதை மட்டும் நான் முடிவு செய்கிறேன். எங்கே பிளப்பது என்பது மண்ணின் பொறுப்பு.

பாலாறு உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வருகிறதே?

வராமல் எப்படி இருக்கும்? நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று எங்கள் ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும் ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்க்காதவர் வேலூரில் குறைவு. தண்ணீர் வடிந்த பிறகு பள்ளங்களில் வண்டல் படிந்து, காய்ந்து, வெடித்தது. மேல் பக்கம் மெல்லிய களி, கீழே பொடி மணல். களி மட்டும் சுருங்குவதால் ஒவ்வொரு துண்டும் ஓரம் தூக்கிச் சுருண்டு, கிண்ணம் போலக் கிடந்தது. அந்தத் துண்டுகள் சிலவற்றைப் பொறுக்கிவந்து அப்படியே சுட்டேன். என் தட்டுகளின் விளிம்பு வளைவு அங்கிருந்து வந்தது.

ஆற்றைப் பற்றிப் பேசினால் தோல் கழிவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. எங்கள் ஆற்றின் பெயரில் நாடு முழுக்கப் படிக்கப்படும் தீர்ப்பு அது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியமே பீங்கானில் அடர்ந்த பச்சை தரும் நிறமியும்கூட. குரோமியம் சேர்த்த பச்சை மலிவு, நம்பகமானது. என் பட்டறையில் அது இல்லை. இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதைக் கையில் எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பச்சை வேண்டுமானால் இரும்பிலிருந்தும் செம்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த முள் வைத்த கத்தரிக்காய் ஜாடி இப்போதும் செய்கிறீர்களா?

செய்கிறேன். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் காயின் தொப்பியிலும் முள். மூடியைத் தூக்கும்போது விரலுக்கு முள் தட்டுப்பட வேண்டும், குத்தக்கூடாது. அந்த அளவு கைக்கு வருவதற்குத்தான் நேரம் எடுக்கும்.

உள்ளூர்க் குயவர்களுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும் என்ன தொடர்பு?

நான் அவர்களிடம் கற்கிறவள். அவர்கள் வேலையை ‘கைவினை’ என்றும் என் வேலையை ‘கலை’ என்றும் பிரித்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. காட்பாடி அருகே உள்ள கரிகிரியைத் தொழுநோய் மருத்துவமனையால் பலருக்குத் தெரியும். வண்ண மெருகு பூசிய பாண்டங்களுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மெருகில்லாமலே சுடும் வழக்கம் இருக்க, இந்த மாவட்டத்தில் மெருகுக்கு ஒரு மரபு இருந்தது என்பது எனக்குப் பெரிய தெம்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். கடைசி நாள் படுகளத்துக்காக, அதாவது துரியோதனன் போரில் விழும் காட்சிக்காக, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணிலேயே செய்து வைப்பார்கள். ஒரு வீட்டின் நீளத்துக்கு மேல் இருக்கும். மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து, தட்டித் தட்டி மார்பும் தொடையும் முகமும் எடுத்து, வண்ணம் பூசுவார்கள். கூத்து முடிந்து திரௌபதி கூந்தல் முடிந்ததும் அந்த உருவத்தின் வேலை முடிந்தது. பிறகு மழைதான் அதைக் கரைக்கும். இவ்வளவு பெரிய சுடாத மண் சிற்பத்தை ஊரே சேர்ந்து ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யும் பகுதியில் இருந்துகொண்டு, மண் சிற்பத்தை நவீனக் கலை என்று நான் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

கருப்பும் சிவப்புமான கிண்ணங்கள் பழைய முறையா?

ஆம், அந்த முறையைப் பார்த்துச் செய்தவை. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, புதிய கற்கால மக்களின் சாம்பல் நிறப் பாண்டங்களும், இரும்புக் காலத்தின் கருப்பு-சிவப்புப் பாண்டங்களும் கிடைத்தன. கிண்ணத்தைக் கவிழ்த்து உமியிலோ வைக்கோலிலோ புதைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் வாய் விளிம்பும் கருக்கும், வெளிப்புறம் சிவக்கும். ஒரே மண், ஒரே தீ. இவை குறைந்த சூட்டில் சுடப்படுபவை என்பதால் தண்ணீர் கசியும். அலங்காரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

உங்கள் பாத்திரங்களில் சாப்பிடலாமா? மைக்ரோவேவில் வைக்கலாமா?

ஸ்டோன்வேர் தட்டு, கிண்ணம், டம்ளர் அனைத்திலும் சாப்பிடலாம், மைக்ரோவேவிலும் வைக்கலாம். ஈயம் கலந்த எதையும் பட்டறைக்குள் விடுவதில்லை. அடுப்புத் தீயில் நேரடியாக வைக்க வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கொதிக்கும் குழம்பை ஊற்றவும் வேண்டாம்.

யாரிடம் பீங்கான் வாங்கினாலும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கிளேஸின் மேல் இரவு முழுக்க வைத்து, காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடத்தில் நிறம் வெளுத்தாலோ மினுமினுப்பு மங்கினாலோ அதில் ரசமும் ஊறுகாயும் வைக்காதீர்கள். நிறம் மாறாததாலேயே எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. ஈயம் சேர்த்ததா என்று விற்பவரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஒரே மாதிரி ஆறு டம்ளர் வேண்டும், கிடைக்குமா?

அளவு ஒன்றாக இருக்கும். நிறம் ஒன்றாக இருக்காது. சாம்பல் கிளேஸில் சூளையின் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் வித்தியாசம் வரும்.

விலை ஏன் இவ்வளவு?

ஒரு டம்ளர் பிசைவதிலிருந்து பொதி கட்டுவது வரை வாரக்கணக்கில் கைமாறிக் கைமாறி வருகிறது. இரண்டு முறை சுடும் எரிவாயுச் செலவு பெரியது. ஒரு சூளையில் ஏற்றிய அத்தனையும் விற்பனைக்குத் தேறுவதில்லை. பட்டறையில் உதவும் இரண்டு அக்காக்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. துண்டுக் கணக்கில் கூலி கொடுப்பதில்லை.

கற்றுக்கொள்ள வரலாமா? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். முதல் நாளில் சக்கரத்தில் உட்கார வைக்க மாட்டேன். மண் பிசைவதும், உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துக் கிண்ணமாக்குவதும்தான் முதல் பாடம். குழந்தைகளுக்கு ஏரி மண் தருகிறேன், கிளேஸ் அறைக்குள் விடுவதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. மண் தூளிலும் குவார்ட்ஸ் தூளிலும் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்த பிறகு அதைத் திருப்ப மருந்து இல்லை. கல் குவாரிகளில் வேலை செய்கிறவர்கள் இந்த நோயால் படும் பாட்டை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பட்டறையில் எப்போதும் ஈரத் துணியால் துடைப்பதுதான். கிளேஸ் நிறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

வீட்டில் தொடங்க என்ன வேண்டும்?

சக்கரம் வேண்டாம். சலித்த களிமண், ஒரு மரப்பலகை, பழைய துணி, ஒரு ஸ்பூன், தண்ணீர். செய்ததை நிழலில் நன்றாகக் காயவைத்து, பக்கத்தில் அகல் விளக்கு சுடும் குயவரிடம் கேட்டால் கார்த்திகைக்கு முன் ஏற்றும் சூளையில் ஒரு மூலையில் வைத்துத் தருவார்கள். சுடுகூலி கொடுங்கள். சுடாத பாத்திரம் உடைந்தால் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்பப் பிசையலாம். சுட்டது உடைந்தால் இடித்துப் பொடித்து அடுத்த மண்ணில் கலக்கலாம். அந்தப் பொடி, காயும்போது விரிசல் விழுவதைக் குறைக்கும்.

பட்டறையைப் பார்க்க எப்போது வரலாம்?

முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். கோடையில் காலை பத்து மணிக்குள் வந்தால் சக்கர வேலையைப் பார்க்கலாம். சூளை எரியும் நாளில் வந்தால் என்னால் பேச முடியாது, ஓரமாக நின்று பார்க்கலாம். வரும்போது வீட்டில் மரம் எரித்த சாம்பல் இருந்தால் ஒரு பையில் கொண்டுவாருங்கள், வாங்கிக்கொள்கிறேன். என்ன மரம் என்று தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கோ குப்பையோ பெயின்ட் அடித்த பலகையோ சேர்த்து எரித்ததாக இருக்கக் கூடாது. மாமரச் சாம்பல் இப்போது என்னிடம் தீர்ந்துவிட்டது.